கேஜ் உள்ள கை வேக்யூம் பம்ப்: விட்டு விட்டு வரும் பிரேக் கோளாறைப் பிடிக்குமா?

பழைய காரில் பிரேக் பெடல் ஒரு சமயம் கல்லாக இறுகும், அடுத்த சிக்னலில் சாதாரணமாக வேலை செய்யும். பலர் நேராக பூஸ்டரையே (வேக்யூமின் உதவியால் பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் டப்பா) மாற்றிவிடுகிறார்கள். அதற்கு முன் கேஜ் (வேக்யூம் அளவைக் காட்டும் முள் மீட்டர்) பொருத்திய கை வேக்யூம் பம்ப் ஒன்றை வாங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம். (பெடல் இறுகாமல் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அது பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் சமாச்சாரம். இந்தக் கருவிக்கு அங்கே வேலையில்லை.)

உலோக பாடி உள்ளதே நல்லது. மலிவான பிளாஸ்டிக் பம்புகளில் பிஸ்டன் ஓ-ரிங் சீக்கிரம் தேயும். பிறகு கசிவது கருவியா காரா என்றே புரியாது. வாங்கியதும் ஹோஸ் முனையை விரலால் அடைத்து 20 இன்ச் பாதரசம் (வேக்யூமை அளக்கும் அலகு) வரை இழுத்துப் பாருங்கள். முள் இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செக் வால்வைச் (பூஸ்டரிலிருந்து எஞ்சின் பக்கம் மட்டும் காற்றை விடும் ஒருவழி வால்வு) சோதிக்க இதைவிட வசதியான பொருள் கிடையாது. வால்வைக் கழற்றி, பூஸ்டர் பக்க முனையில் பம்பை மாட்டி இழுத்தால் முள் நிற்க வேண்டும். எஞ்சின் பக்கம் மாட்டினால் நிற்கவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வால்வு சில நேரம் மூடும், சில நேரம் மூடாது. அதனால் நாலைந்து முறையாவது செய்து பாருங்கள்.

பூஸ்டரைக் கையால் காலி செய்ய முயலாதீர்கள். உள்ளறை பெரிது, கை ஓய்ந்துவிடும். அந்த வேலையை எஞ்சின் செய்யட்டும். இந்தப் பொருளில் பம்பை விட கேஜ்தான் காசுக்கு மதிப்பு. வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவே டி-இணைப்பு (மூன்று வாய் உள்ள குழாய்த் துண்டு) வைத்து, நீள ஹோஸ் வழியாக கேஜை கேபினுக்குள் கொண்டுவந்து, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஓட்டுங்கள். முள்ளைப் பக்கத்தில் இருப்பவர் கவனிக்கட்டும். பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 இன்ச் வரை காட்டும். உயரமான இடங்களில் 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு இன்ச் குறையும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது பூஸ்டர் பக்க முள்ளும் சேர்ந்து விழுந்தால் வால்வு போச்சு. பிரேக் அடித்தபின் மெதுவாகவே ஏறினால் ஹோஸைப் பாருங்கள். ஃப்யூயல் ஹோஸை வெட்டிப் போட்டிருந்தால், சூட்டில் இளகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் சரியாகிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சின் பக்கமே குறைவாக இருந்தால் பூஸ்டரைக் குறை சொல்ல முடியாது: மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) கசிவு, எஞ்சினின் வால்வ் டைமிங் என்று தேட வேண்டும்.

எஞ்சினை அணைத்தபின் முள் இறங்கிக்கொண்டே போனால் செக் வால்வு, அது பூஸ்டரில் உட்காரும் ரப்பர் குரோமெட், பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் மூன்றில் ஒன்று. மிதிக்கும்போது காலடியில் உஸ்ஸென்ற சத்தம் நிற்காமல் வந்து ஐடிலும் ஆடினால் பூஸ்டரேதான். மாஸ்டர் சிலிண்டரைத் தளர்த்திப் பின்புறம் ஈரமா என்றும் பாருங்கள். அங்கே கசியும் பிரேக் ஆயில் டயாஃப்ரமைக் கெடுக்கும். அதைச் சரிசெய்யாமல் மாட்டும் புது பூஸ்டரும் கெட்டுப்போகும்.

குறை என்றால் கிட்டில் வரும் டி-இணைப்புகள். எல்லாம் மெல்லிய ஹோஸுக்கானவை. பூஸ்டர் ஹோஸின் உள்விட்டமோ பெரும்பாலும் 9 முதல் 12 மி.மீ. பொருத்தமான டி, கிளாம்ப், இரண்டு மீட்டர் தடித்த வேக்யூம் ஹோஸ் தனியாக வாங்க வேண்டும். டீசல் காரில் வேக்யூம் தருவது மேனிஃபோல்டு அல்ல, ஆல்டர்னேட்டரிலோ கேம்ஷாஃப்ட்டிலோ ஓடும் பம்ப். கேஜை அதன் வாயிலேயே முதலில் மாட்டுங்கள்.