தலை திரும்பும் பொம்மை: சர்வோவா, ஸ்டெப்பரா, சாதாரண கியர் மோட்டாரா?

பார்த்தால் அடிவயிறு கலங்கும்படி ஒரு பொம்மையை அலமாரியில் வைத்தாயிற்று. அடுத்து அதன் தலை லேசாகத் திரும்பினால் எப்படி இருக்கும் என்ற ஆசை வரும். அந்த ஆசை வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் வாங்குவது எஸ்ஜி90 சர்வோதான். நானும் அதைத்தான் வாங்கினேன். 9 கிராம் எடை, கட்டைவிரல் அளவு, ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் நாலு வரி கோட் எழுதினால் சொன்ன கோணத்துக்குப் போய் நிற்கும். வெற்றுக் கழுத்துக்குள் நுழைத்து, ஒட்டி, ஓடவிட்டேன். அக்கா மகன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டான்: “மாமா, உள்ள எலி எதுவும் மாட்டிக்கிச்சா?”

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. பயம் வர வேண்டுமானால் சத்தம் கூடாது. சர்வோ நகரும்போது ‘ஸ்ஸ்ர்ர்’ என்கிறது, நின்ற பிறகும் தலையின் எடையைப் பிடித்துக்கொண்டு முனகுகிறது. பிளாஸ்டிக் பொம்மையின் உடம்பு வெற்றுக் கூடு என்பதால், தம்புராவின் குடம் மாதிரி அந்த முனகலைப் பெரிதாக்கியும் கொடுக்கிறது.

சரி, மெதுவாகத் திருப்பினால்? அங்கேயும் ஒரு சிக்கல். இந்தச் சின்ன சர்வோவின் ‘டெட் பேண்ட்’ 10 மைக்ரோசெகண்ட். கோணத்தைச் சொல்ல நாம் அனுப்பும் மின் துடிப்பின் நீளம் அதற்குக் குறைவாக மாறினால் அது அசையவே அசையாது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு டிகிரி. ஆகவே எவ்வளவு பொறுமையாகக் கோட் எழுதினாலும் டிகிரிக்கு ஒருமுறை டிக், டிக் என்று குதித்துத்தான் போகும். வேகமாகத் திரும்பும்போது தெரியாத இந்தக் குறை, மெதுவாகத் திரும்பும்போது அப்பட்டமாகத் தெரியும். நமக்கு வேண்டியதோ மெதுவான அசைவு.

அடுத்தது 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர், அதாவது படிப்படியாக எண்ணி நகரும் மோட்டார். 5 வோல்ட்டில் ஓடும், கூடவே அதற்கு மின்சாரம் தந்து ஓட்டும் யூஎல்என்2003 டிரைவர் பலகை வேண்டும். இதை எல்லோரும் ‘மந்தமான மோட்டார்’ என்று திட்டுவார்கள். முழு வேகத்தில் விட்டாலே நிமிடத்துக்குச் சுமார் 15 சுற்றுதான். பொம்மை வேலைக்கு அந்த மந்தம்தான் வரம். உள்ளே 64-க்கு 1 கியர் இருப்பதால், ஒவ்வொரு படியையும் பாதியாக்கும் அரை ஸ்டெப் முறையில் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 4096 படிகள் கிடைக்கின்றன. கால் வட்டம் திரும்ப 1024 படிகள். அதை 20 செகண்டுக்குப் பிரித்தால் படிக்கு 20 மில்லிசெகண்டுக்குச் சற்றுக் குறைவு. குதிப்பே தெரியாமல் மெல்ல வழுக்கிக்கொண்டு போகும். திரும்பி முடிந்ததும் மோட்டாரின் காயில்களுக்குப் போகும் மின்சாரத்தை அணைத்துவிடலாம். கியரின் இறுக்கமே தலையைப் பிடித்துக்கொள்ளும், சத்தம் சுத்தமாகப் போய்விடும்.

இதைப் பொருத்திய அன்று அதே பையன் பொம்மை அசைந்ததைக் கவனிக்கவே இல்லை. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். “இது முன்னாடி ஜன்னலத்தானே பாத்துட்டு இருந்துச்சு?”

குறைகளும் உண்டு. மின்சாரம் வந்தவுடன் தலை எந்தப் பக்கம் இருக்கிறதென்று ஸ்டெப்பருக்குத் தெரியாது. கழுத்துக்குள், தலை ஓரத்துக்கு வந்ததும் அழுந்தும் ஒரு சின்ன லிமிட் சுவிட்ச் வைத்து, ஆரம்பத்தில் அதைத் தொட்டுவிட்டு எண்ணத் தொடங்கச் சொல்ல வேண்டும். இன்னொன்று, பலம் போதாது. பக்கவாட்டில் திருப்ப உராய்வை மட்டும் வென்றால் போதும். தலையைச் சாய்த்து நிமிர்த்துவது வேறு கதை. 150 கிராம் தலையின் எடை மையம் அச்சிலிருந்து 3 செ.மீ. தள்ளிப் போனால், தூக்க 0.45 கிலோ-செ.மீ. முறுக்கு விசை வேண்டும். இந்த ஸ்டெப்பர் தருவது சுமார் 0.3 தான். எஸ்ஜி90 காகிதத்தில் 1.8 தரும். ஆனால் நாள் முழுக்கச் சாய்த்து நிமிர்த்தினால் அதன் பிளாஸ்டிக் பற்கள் தாங்காது. சாய்க்கத்தான் வேண்டும் என்றால் உலோகப் பற்கள் கொண்ட எம்ஜி90எஸ் வாங்குங்கள்.

கோடே வேண்டாம் என்பவர்களுக்கு என்20 என்ற சின்ன கியர் மோட்டார். பேட்டரி, சுவிட்ச், மோட்டார் அச்சில் ஒரு கிராங்க் (சுற்றும் சின்னக் கை), அதிலிருந்து கழுத்துக்கு ஒரு கம்பி. இதில் பலர் கவனிக்காத அழகு ஒன்று இருக்கிறது. கிராங்க் இழுக்கும் தலை இரண்டு ஓரங்களிலும் தானாகவே வேகம் குறைந்து, நின்று, மெல்லத் திரும்பும். சர்வோவில் இதற்குத் தனியாகக் கோட் எழுத வேண்டும். ஆனால் ஒரே தாளம். இடம், வலம், இடம், வலம். நாலாவது முறைக்கே கண் பழகிவிடும், அப்புறம் அது வெறும் மேசை விசிறி. ஆகவே தலையைத் திருப்ப இதை நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பொம்மையை மூச்சு விட வைப்பதற்கு இந்த என்20-ஐ விட நல்லது கிடையாது. மனிதர்கள் ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள். நிமிடத்துக்கு 15 சுற்றுச் சுற்றும் மோட்டாரில், மையத்திலிருந்து 2 மி.மீ. தள்ளித் துளையிட்ட ஒரு வட்டத் தகடு போதும். சட்டைக்குள் மார்பு 4 மி.மீ. ஏறி இறங்கும். இது பழைய தந்திரம்தான். 1768-க்கும் 1774-க்கும் இடையில் ஜாக்கே-திரோ குடும்பத்தார் செய்த இசைக்கும் பெண் பொம்மைக்கும் மார்பு இப்படி ஏறி இறங்கும். அது சுவிட்சர்லாந்தின் நியூஷாதெல் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. மோட்டாரின் இரைச்சலைக் குறைக்க, 6 வோல்ட் மோட்டாரை 3 வோல்ட்டில் ஓட்டி, அடியில் ரப்பர் துண்டு வையுங்கள். வேகமும் பாதியாகும். அந்த மந்தமான மூச்சு இன்னும் மோசமாக, அதாவது நமக்கு நல்லதாக, இருக்கும்.

மைக்ரோவேவ் தட்டைச் சுற்றும் மோட்டாரைக் கழற்றிப் போடலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. நிமிடத்துக்கு 5, 6 சுற்று, சத்தமும் குறைவு, எல்லாம் சரி. ஆனால் அவற்றில் பல நேரடி வீட்டு மின்சாரத்தில் ஓடுபவை. துணியும் பஞ்சும் அடைத்த பொம்மைக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள். கார் வைப்பர் மோட்டார் ஆள் உயர உருவத்துக்குச் சரி. அலமாரிப் பொம்மையின் கழுத்தை முறித்துவிடும்.

அப்படியானால் சர்வோவைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம், கண்ணுக்கு வையுங்கள். படுக்க வைத்தால் கண் மூடும் பொம்மைகளில் விழிக்குப் பின்னால் ஒரு சின்ன எடைக்கட்டி இருக்கும். அதில் நூல் கட்டிச் சர்வோவால் சுண்டினால் இமைக்கும். இமைப்பு சட்டென்று முடிகிற வேலை, குதிப்பு தெரியாது. ‘ஸ்ஸ்ர்’ சத்தமும் ஒரு கணம்தான். முடிந்தவுடன் கோடில் டிடாச் கொடுத்து, துடிப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டால் முனகலும் நிற்கும். சர்வோவுக்கு மட்டும் தனி 5 வோல்ட் கொடுத்து, அதன் கிரவுண்டை (மைனஸ் கம்பியை) ஆர்டுயினோவின் கிரவுண்டோடு இணையுங்கள். பலகையின் 5 வோல்ட் பின்னிலிருந்தே இழுத்தால் இமைக்கும்போது பலகை ரீசெட் ஆகிவிடக்கூடும்.

எதைப் பொருத்தினாலும் பொம்மையின் நீள முடியை முதலில் பின்னிக் கட்டிவிடுங்கள். நான் கட்டவில்லை. ஒரு கொத்து கழுத்து அச்சில் சுற்றி, பாதித் தலை மொட்டையாகிவிட்டது. பார்க்க இன்னும் பயங்கரமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.