லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுத்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்

சேலத்தில் மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று சொல்ல வரவில்லை, எங்கள் வீட்டுக்கு இங்கே நடந்தது, அதனால் இங்கே இருப்பவர்களுக்கு முதலில் சொல்கிறேன். லேப்டாப் ஸ்லோவாக இருக்கிறது, எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) போட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுங்கள் என்று கடையில் விட்டுவிட்டு வருகிறவர்கள், திரும்பி வந்த மெஷினுக்குள் என்ன போட்டு அனுப்பியிருக்கிறார்கள், உள்ளே இருந்த பழைய டிஸ்க் எங்கே போனது, இந்த இரண்டையும் பார்க்காமல் விடாதீர்கள்.

என் அக்கா சூரமங்கலத்தில் இருக்கிறார். இளம்பிள்ளையில் சேலை எடுத்து வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் விற்கிறார். ஆர்டர், வாடிக்கையாளர் முகவரி, போன் நம்பர், கொரியர் ரசீது, ஜிபே ஸ்க்ரீன்ஷாட் எல்லாமே அந்த ஒரு லேப்டாப்பில்தான். கூடவே வீட்டில் எல்லோருடைய ஆதார், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பசங்களின் சர்டிஃபிகேட் எல்லாம் ஸ்கேன் செய்து ஒரு ஃபோல்டரில். நம்மில் பாதிப்பேர் வீட்டில் இப்படித்தான் இருக்கும்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்துவிட்டது, அந்த அறிவிப்பு வேறு அடிக்கடி திரையில் வந்துகொண்டிருந்தது. புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் கேட்டதற்கு, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 11 ஏற்றினால் பறக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான், அந்த யோசனையில் தப்பே இல்லை. "பாஸ்வேர்டு சொல்லிட்டுப் போங்க மேடம், லோட் பண்ணிட்டு செக் பண்ணணும்" என்று கேட்டு வாங்கி, ஒரு ஸ்டிக்கரில் பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு மூன்றையும் மார்க்கரில் எழுதி லேப்டாப் மூடி மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். பிறகு நான் அந்தக் கடைக்குப் போனபோது பார்த்தேன், அலமாரி முழுக்க அடுக்கி வைத்திருந்த லேப்டாப் ஒவ்வொன்றிலும் அதேபோல ஸ்டிக்கர். டீ கொடுக்க வருகிறவர்கூட நின்று படிக்கலாம்.

லேப்டாப் வந்தது, நல்ல வேகமாகவும் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு நாள் ராத்திரி அக்கா போன் செய்தார். "டேய், இது தானா நகருதுடா, நான் கையே வைக்கல." அக்கா சமையலறையில் இருந்து வந்து பார்த்தால் திரையில் அம்புக்குறி தானாக ஓடுகிறது, அந்த ஸ்கேன் ஃபோல்டர் திறந்திருக்கிறது, ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டி. மோடத்தின் ஸ்விட்சை உடனே அணைக்கச் சொன்னேன். அணைத்ததும் அம்புக்குறி நின்றுவிட்டது.

அடுத்த நாள் காலை போய்ப் பார்த்ததில், உள்ளே எனிடெஸ்க் இருந்தது. அது திருட்டு மென்பொருள் கிடையாது, தூரத்தில் இருந்து ஒரு கம்ப்யூட்டரை இயக்குவதற்கான முறையான மென்பொருள்தான். வழக்கமாக எதிர்ப்பக்கம் இருந்து யாராவது இணைய வந்தால் நம் திரையில் கேட்கும், நாம் 'அக்செப்ட்' கொடுத்தால்தான் உள்ளே வர முடியும். ஆனால் 'அன்அட்டெண்டட் அக்சஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது, அதில் ஒரு பாஸ்வேர்டு போட்டு வைத்துவிட்டால் இங்கே யாரும் எதையும் அழுத்தத் தேவையில்லை, நினைத்த நேரம் வரலாம். அதைத்தான் போட்டு வைத்திருந்தார்கள், லேப்டாப் ஆன் ஆகும்போதே தானாகத் தொடங்கும்படியும் செய்திருந்தார்கள். வெள்ளையடிக்க வந்தவர் வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் போட்டு எடுத்துக்கொண்டு போன மாதிரி.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். எனிடெஸ்க் இருந்தால் பதறிப்போய் உடனே அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். சி டிரைவில் 'புரோகிராம்டேட்டா' என்று ஒரு ஃபோல்டர் மறைந்திருக்கும், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால் தெரியும். அதற்குள் எனிடெஸ்க் ஃபோல்டரில் 'கனெக்ஷன் டிரேஸ்' என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். யார் உள்ளே வந்தார்கள், என்ன தேதி, எத்தனை மணி, எந்த எனிடெஸ்க் எண்ணில் இருந்து என்று வரிவரியாக அதில் பதிவாகும். நாம் அனுமதி கொடுத்து வந்ததா, பாஸ்வேர்டு போட்டு வந்ததா என்பதுகூட ஒரு சொல்லில் இருக்கும். அக்கா லேப்டாப்பில் இருந்த வரிகள் எல்லாமே பாஸ்வேர்டு போட்டு வந்தவை, எல்லாமே ராத்திரி நேரம், எல்லாம் ஒரே எண்ணில் இருந்து. அதை அப்படியே போட்டோ எடுத்து, ஃபைலையும் பென் டிரைவில் நகல் எடுத்து வைத்த பிறகுதான் மற்ற எதையும் தொட்டோம். புகார் கொடுக்கும்போது கையில் ஆதாரமாக இருந்தது அது ஒன்றுதான்.

கடையில் போய்க் கேட்டால், "எல்லாருக்குமே போட்டு விடுறதுதாங்கண்ணா, சின்ன பிரச்சனைக்கெல்லாம் நீங்க கடைக்கு அலைய வேண்டாம்னுதான்." சரி, அப்படியே இருக்கட்டும், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆதார் ஃபோல்டரில் என்ன பிரச்சனையைச் சரிசெய்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைப் பையன் யாராவது தெரியாமல் செய்திருப்பான் என்றார்கள்.

அப்புறம் விண்டோஸ். துண்டுச் சீட்டில் 'விண்டோஸ் 11 ஒரிஜினல்' என்று எழுதி 1,800 ரூபாய் வாங்கியிருந்தார்கள், ஜிஎஸ்டி நம்பர் எதுவும் இல்லாத சீட்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் போய்ப் பார்த்தால், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் வருகிறது. வீட்டு லேப்டாப்புக்கு ஏது நிறுவனம்? ஆபீஸ்களுக்கு மொத்தமாக விண்டோஸ் கொடுக்கும்போது பயன்படும் கேஎம்எஸ் என்ற முறையைப் போலியாக நடித்துக்காட்டும் கிராக் அது, லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் செய்யும் திருட்டு வழி. அந்த கிராக் வேலை செய்ய வேண்டுமென்றால் விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதைப் பிடிக்காமல் இருக்க வேண்டும், அதற்காக ஒரு ஃபோல்டரையே சோதனையில் இருந்து விலக்கி வைத்திருந்தார்கள். அந்த ஃபோல்டருக்குள் நாளைக்கு எந்த வைரஸ் வந்து உட்கார்ந்தாலும் டிஃபெண்டர் எட்டிப் பார்க்காது. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்', அதில் 'மேனேஜ் செட்டிங்ஸ்', கீழே 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று இருக்கும். நீங்களாக எதையும் சேர்க்கவில்லை என்றால் அந்தப் பட்டியல் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு இதில் அதிகம் கோபம் வந்தது எதற்கென்றால், அந்த லேப்டாப்புக்கு விண்டோஸ் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கடையில் விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால், விண்டோஸ் 8 காலத்தில் இருந்து அதன் லைசென்ஸ் எண் மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. டிஸ்க்கை மாற்றினாலும் அது போகாது. அதே எடிஷனை, அதாவது ஹோம் வந்திருந்தால் ஹோம், மறுபடி ஏற்றி நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். 10இல் இருந்து 11க்குப் போவதும் இலவசம்தான், மெஷின் தகுதியானதாக இருந்தால் போதும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாவது தலைமுறையும் அதற்கு மேலும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். ஏற்றுவதற்கான டூலை மைக்ரோசாஃப்ட் தளமே இலவசமாகக் கொடுக்கிறது, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று இருந்தால் ஆயிற்று. ஏற்றிக் கொடுத்த கூலியைக் கேட்டால் நியாயம், கொடுக்கலாம். இருக்கிற ஒரிஜினலை எடுத்துவிட்டு கிராக் வைத்து, அதற்கு ஒரிஜினல் என்று எழுதிக் காசு வாங்குவது அப்பட்டமான ஏமாற்று.

இப்போது பழைய டிஸ்க். கேட்டபோது முதலில், அது கரப்ட் ஆகிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். அந்த டிஸ்க்கில் இருந்துதான் அக்காவின் ஃபைல்கள் எல்லாம் புது எஸ்எஸ்டிக்கு வந்திருக்கின்றன, கரப்ட் ஆன டிஸ்க்கில் இருந்து எப்படி வந்தது என்று கேட்டதும், உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கிளறி ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்கள். லேபிளில் 500 ஜிபி என்று இருக்கிறது. அக்காவுடையது 1 டிபி, லேப்டாப் வாங்கிய பில்லிலேயே இருக்கிறது. அதாவது வேறு யாரோ ஒருவர் வீட்டு டிஸ்க்கை, அவர் வீட்டு போட்டோ, பத்திரம் எல்லாவற்றோடும், எங்களிடம் சாதாரணமாக நீட்டுகிறார்கள். எங்களுடையது இதேபோல யார் கையில் போயிருக்கும் என்று அக்காவுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அதைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு இங்கே நின்றே போன் செய்கிறேன் என்று சொன்ன பிறகு மேஜை டிராயரில் இருந்து சரியான டிஸ்க் வந்தது.

விண்டோஸுக்கு பாஸ்வேர்டு இருக்கிறதே, டிஸ்க் வெளியே போனால் என்ன என்று நினைப்பவர்களுக்கு: என்க்ரிப்ட் செய்யாத, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்காத டிஸ்க்கைக் கழற்றி, ஒரு யூஎஸ்பி கேபிளில் வேறு கம்ப்யூட்டரில் செருகினால் எல்லா ஃபோல்டரும் அப்படியே திறக்கும், அந்த பாஸ்வேர்டு குறுக்கே வரவே வராது. ஃபார்மேட் செய்துவிட்டோம் என்று கடையில் சொன்னாலும், ஹார்ட் டிஸ்க்கில் குயிக் ஃபார்மேட் என்பது தகவலை அழிப்பதில்லை, எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பைத்தான் அழிக்கிறது, மேலே வேறு எதுவும் எழுதப்படாத வரை இலவச மென்பொருளை வைத்தே மீட்டுவிடலாம். அதனால் பழைய டிஸ்க் உங்கள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். வெளியே ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டால் அதுவே பேக்கப் எடுக்கவும் ஆகும்.

சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்ன செய்யலாம் என்றால், கீபோர்டு, ஸ்க்ரீன், பேட்டரி, ஹிஞ்ச் மாதிரி வேலைக்கெல்லாம் பாஸ்வேர்டு சொல்லவே வேண்டாம், தேவைப்பட்டால் நீங்கள் போய் டைப் செய்து கொடுங்கள். குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைப் பார்க்க விண்டோஸ் பாஸ்வேர்டோ பின்னோ போதும், அதைச் சொல்லிவிட்டால் மெயில், பேங்க் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னதாகத்தான் அர்த்தம். முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்துவிட்டு, குரோமில் இருந்து வெளியேறி, அதில் இருக்கும் தகவலையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். எஸ்எஸ்டி மாற்றுவது பெரும்பாலான லேப்டாப்பில் ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டுகிற சின்ன வேலைதான், கூடவே உட்கார்ந்து பார்க்கலாம். இப்போது நாங்கள் போகிற மெக்கானிக் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறார், நம் கண் முன்னால் கழற்றி, பழையதைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் மூடியைப் போடுகிறார். கூடவே உட்கார்ந்தால் வேலை ஆகாது என்று சொல்லும் கடையில் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்து வாங்கியவர்கள், செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வரிசையில் வைத்துப் பாருங்கள், எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர், ரஸ்ட்டெஸ்க் என்று ஏதாவது நீங்கள் போடாமல் இருக்கிறதா என்று. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் ஸ்டார்ட்அப் பகுதியையும் பாருங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய் உங்களுக்குத் தெரியாத யூசர் இருக்கிறாரா என்றும் பாருங்கள். கிராக் இருந்தால் அதை மட்டும் நீக்கிப் பயனில்லை, முழுதாக அழித்து மறுபடி ஏற்றுவதுதான் நிம்மதி, நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஹோம் எடிஷன் தானாகவே ஆக்டிவேட் ஆனது.

பாஸ்வேர்டுகளை மாற்றும்போது அந்த லேப்டாப்பில் உட்கார்ந்து மாற்றாதீர்கள், போனில் மாற்றுங்கள். முதலில் மெயில், அப்புறம் பேங்க். கூகுள் அக்கவுண்டில் செக்யூரிட்டி பக்கத்தில் எந்தெந்தச் சாதனங்கள் உள்ளே இருக்கின்றன என்று காட்டும், தெரியாததை வெளியேற்றுங்கள். ஜிமெயிலில், வரும் மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் ஃபார்வர்டிங் எதுவும் போட்டு வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், பாஸ்வேர்டை மாற்றினாலும் மெயில் போய்க்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' திறந்து எல்லாவற்றையும் லாக்அவுட் செய்யுங்கள். ஆதார் நகல் வெளியே போயிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கை லாக் செய்து வைக்கலாம், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். அக்காவுக்கு இரண்டையும் செய்துவிட்டோம்.

பணம் போகவில்லையே, புகார் எதற்கு என்று வீட்டில் மச்சான் கேட்டார். அனுமதி இல்லாமல் ஒருவர் கம்ப்யூட்டருக்குள் போவதும், அதில் இருக்கும் தகவலை நகல் எடுப்பதும் 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆவது பிரிவில் வருகிறது, அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66ஆவது பிரிவில் 3 வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் போயிருந்தால்தான் குற்றம் என்று சட்டத்தில் இல்லை. 1930க்குச் சொல்லலாம், தேசிய சைபர் கிரைம் தளத்தில் ஆன்லைனிலும் பதிவு செய்யலாம், நாங்கள் கனெக்ஷன் டிரேஸ் ஃபைலோடு அங்கே பதிவு செய்திருக்கிறோம். விண்டோஸுக்கு வாங்கிய 1,800 ரூபாய்க்குத் தனியாக 1915, நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லியிருக்கிறோம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருக்கும் வழக்குக்குக் கட்டணம் கிடையாது, துண்டுச் சீட்டாக இருந்தாலும் பத்திரமாக வைத்திருங்கள்.

அக்கா தன்னிடம் சேலை வாங்குகிற எல்லோருக்கும் தனித்தனியாக மெசேஜ் போட்டுவிட்டார். என் பெயரைச் சொல்லி வேறு நம்பரில் இருந்து யாராவது அட்வான்ஸ் கேட்டாலோ, கியூஆர் கோடு அனுப்பினாலோ கொடுக்க வேண்டாம், இந்த நம்பருக்கு ஒரு போன் செய்து என் குரலைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள் என்று.