கூலன்ட் கலந்த ஆயில்: கரைத்து வடிப்பதா, சம்ப்பைக் கழற்றித் துடைப்பதா?

ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களுக்கும் மேல்மூடிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) விட்டுப்போய், ஆயிலில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இறங்கிவிட்ட ஒரு பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை அண்மையில் சுத்தம் செய்து முடித்தேன். கேஸ்கட்டை மாற்றியதைவிட, உள்ளே படிந்திருந்த குழம்பை எந்த வழியில் வெளியேற்றுவது என்று முடிவெடுக்கவே அதிக நாள் ஆயிற்று. இறுதியில் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றிக் கையால் துடைத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கசிவை அடைக்காமல் சுத்தம் செய்வது வீண் வேலை என்பதை விளக்கத் தேவையில்லை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெளிர்நுரை தெரிந்து, ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாகவும் கூலன்ட் மட்டம் குறையாமலும் இருந்தால், அது குறுந்தூர ஓட்டத்தில் சேர்ந்த ஈரமாகவும் இருக்கலாம். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் அதை உறுதி செய்துகொள்வது நல்லது. என் எஞ்சினில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. டிப்ஸ்டிக்கில் குழைத்த சந்தனம் போல ஒட்டிக்கொண்டு வந்தது.

வெறும் தண்ணீர் கலந்திருந்தால் கவலை குறைவு. அது 100 டிகிரியில் கொதிப்பதால், எஞ்சின் நன்றாகச் சூடாகி ஓடும்போது பெரும்பகுதி ஆவியாகி வெளியேறிவிடும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகாலின் கொதிநிலையோ ஏறத்தாழ 197 டிகிரி. தண்ணீர் போன பிறகும் அது உள்ளேயே தங்கி, சூட்டில் சிதைந்து அமிலமாகி, ஆயிலில் உள்ள சேர்மங்களோடு வினைபுரிந்து பிசுபிசுப்பான கூழாக மாறுகிறது. அந்த அமிலம், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் மேல்பூச்சையும் அரிக்கிறது. எனவே எந்த வழியை எடைபோட்டாலும், அது தண்ணீரை அல்ல, கிளைகாலையும் அதனால் உண்டான கூழையும் என்ன செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

பலரும் முதலில் நாடுவது, மலிவான ஆயிலை ஊற்றி, சூடாகும்வரை ஓட்டி, வடித்து, மீண்டும் ஊற்றும் முறை. இதன் கணக்கு கவர்ச்சியானது. ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் பழைய ஆயிலில் பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்குவதாக வைத்துக்கொண்டால், மூன்று முறைக்குப் பிறகு ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனால் இந்தக் கணக்கு ஆயிலோடு கலந்து ஓடுவதற்கு மட்டுமே பொருந்தும்; சுவரில் அப்பிக்கிடக்கும் கூழ் இதற்குக் கட்டுப்படாது. கசிவை உடனே கண்டு எஞ்சினை நிறுத்தியவர்களுக்கு இந்த முறையே போதுமானது. அவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: கூலன்ட் ஆயிலைவிடக் கனமானது என்பதால், இரவு முழுவதும் வண்டியை நிறுத்திவைத்து, காலையில் எஞ்சினை இயக்குவதற்கு முன்பே வடிகால் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால், அடியில் தங்கிய கூலன்ட்தான் முதலில் வரும். எனக்கு ஒரு குவளை அளவுக்குப் பச்சை நீர் வந்த பிறகே ஆயில் தலைகாட்டியது.

ஆயிலில் டீசலோ மண்ணெண்ணெயோ கலந்து ஓட்டுவது அடுத்த வழி. இவை ஆயிலை இளக்குமே தவிர, கிளைகாலோடு கலக்கமாட்டா. ஏற்கெனவே கூலன்டால் வலுவிழந்த ஆயில் படலத்தை இன்னும் மெலிதாக்கிவிட்டு எஞ்சினைச் சுழலவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. புட்டியில் வரும் ஃபிளஷ் திரவங்கள் பெரும்பாலும் சாதாரணக் கசடுக்காகத் தயாரிக்கப்பட்டவை. கிளைகாலுக்கென்றே சொல்லப்படுவது பியூட்டைல் செல்லோசால்வ் என்னும் கரைப்பான். தண்ணீரோடும் ஆயிலோடும் ஒருங்கே கலக்கும் தன்மை இருப்பதால், இதை மெல்லிய ஆயிலோடு சரிபாதியாகக் கலந்து, குறைந்த வேகத்தில் சுமார் ஒரு மணி நேரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்துவிடுவார்கள். வேதியியல்படி இதுவே சரியான கரைப்பான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஞ்சின் சூட்டில் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். காற்றோட்டமும் கையுறையும் இல்லாமல் தொடக்கூடாது. நான் இதைப் பயன்படுத்தியதில்லை.

ஆனால், கரைக்கும் வழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு கேள்விதான் என் முடிவைத் தீர்மானித்தது: இளகிய கூழ் எங்கே போகும்? வடிகால் துளை வழியே எல்லாம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதோ, சம்ப்பில் விழும் எதுவும் முதலில் சந்திப்பது ஆயில் பம்ப்பின் வாயிலுள்ள ஸ்ட்ரெய்னர் வலையைத்தான். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, அழுக்கு ஆயிலையாவது பேரிங்குக்கு அனுப்பும். வலை அடைத்துக்கொண்டால் அந்த ஆயிலும் போகாது. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓடும் நிலையில்) ஆயில் அழுத்தம் சரியாக இருப்பதுபோலத் தோன்றி, வேகம் கூடும்போது பம்ப் கேட்கும் அளவுக்கு ஆயில் கிடைக்காமல் போகலாம். எச்சரிக்கை விளக்கை நம்பியும் பயனில்லை. பல எஞ்சின்களில் அழுத்தம் ஏறத்தாழ அரை பார் (அழுத்த அலகு) அளவுக்கும் கீழே இறங்கிய பிறகுதான் அது எரியும். அதற்குள் பேரிங் கீறப்பட்டிருக்கும். ஆக, கரைப்பான் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு கூழ் ஒரே நேரத்தில் அந்த வலையை நோக்கி வரும்.

சம்ப்பை இறக்கியபோது இது வெறும் ஊகமில்லை என்று தெரிந்தது. அடித்தட்டில் விரல் கனத்துக்குச் சாம்பல் நிறக் கூழ் படிந்திருந்தது. ஸ்ட்ரெய்னர் வலையில் ஏறத்தாழ பாதி மூடியிருந்தது. ஒரு தூரிகையால் தள்ளியபோது தோல் உரிவதுபோல ஒரே படலமாகக் கழன்று வந்து, அதன் பின்னால் பழைய கேஸ்கட் பசையின் துணுக்குகளும் ஒளிந்திருந்தன. எந்தத் திரவமும் அந்தத் துணுக்குகளைக் கரைத்திருக்காது.

இன்னொரு லாபம் பேரிங்கைக் கண்ணால் பார்க்க முடிவது. பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளில் ஒன்றின் மூடியை மட்டும், திசையைக் குறித்துக்கொண்டு கழற்றிப் பார்த்தேன். மங்கிய சாம்பல் நிறம் சீராக இருந்தது, மேல்பூச்சுக்கு அடியிலுள்ள செம்பு எங்கும் தெரியவில்லை. செம்பு தெரிந்திருந்தால் சுத்தம் செய்யும் பேச்சுக்கே இடமில்லை, பேரிங்கை மாற்றியே ஆக வேண்டும். சில எஞ்சின்களில் அந்த போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக்கூடாது என்பதால், கழற்றும் முன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதன் தொல்லைகளையும் மறைக்கக்கூடாது. எக்ஸாஸ்ட் குழாயின் முன்பகுதியைக் கழற்ற வேண்டியிருந்தது. துருப்பிடித்த இரண்டு நட்டுகள் மட்டும் ஒரு மாலைப்பொழுதைத் தின்றன. சம்ப்பின் விளிம்பைச் சுரண்டி, புதுப் பசை பூசி, அது இறுகும்வரை ஆயில் ஊற்றாமல் காத்திருக்க வேண்டும். அதோடு, உள்ளே இருக்கும் ஆயில் வழிகளையும் வால்வுகளை இயக்கும் ஹைட்ராலிக் லிஃப்டர்களையும் கை எட்டாது. அதனால்தான் வால்வ் கவரின் அடியையும் துடைத்துவிட்டு, முதலில் இகழ்ந்த ஆயில் மாற்றும் முறையையே கடைசியில் நானும் பின்பற்றினேன்: முதல் ஆயில் இருபது நிமிட ஐடிலுக்கு, இரண்டாவது 100 கிலோமீட்டருக்கு, மூன்றாவது 500 கிலோமீட்டருக்கு, ஒவ்வொரு முறையும் புது ஃபில்டரோடு. முதல் முறை வடித்ததில் ஒரு சொட்டைச் சூடான தகட்டில் விட்டபோது படபடவென்று வெடித்தது, மூன்றாவதில் சத்தமில்லை. இந்தச் சோதனை தண்ணீரை மட்டுமே காட்டும். கிளைகாலின் தடயமான சோடியம், பொட்டாசியம் அளவை அறிய ஆயிலை ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இது ஒரே ஒரு பெட்ரோல் எஞ்சினில் கண்ட அனுபவம். டர்போ உள்ள டீசல் எஞ்சினில், மெல்லிய ஆயில் குழாய்களும் ஆயில் கூலரும் தனிக் கவனம் கேட்கும் என்பதால், இதே வரிசை போதும் என்று சொல்லத் துணியமாட்டேன். எஞ்சினைத் தூக்காமல் சம்ப் இறங்காத வண்டியாக இருந்து, கூலன்ட் கலந்தபடியே அதிக தூரம் ஓடியிருந்தால், கரைப்பானை நம்புவதைவிட எஞ்சினை இறக்கி முழுவதுமாகப் பிரிப்பதையே தேர்ந்தெடுப்பேன். கொஞ்ச தூரமே ஓடியிருந்தால், ஆயிலை மட்டும் நான்கைந்து முறை மாற்றி, ஒவ்வொரு முறையும் பழைய ஃபில்டரை வெட்டிப் பார்த்து, மடிப்புகளில் கூழ் வருவது நிற்கும்வரை வேகம் கூட்டாமல் ஓட்டுவேன்.