80 ரூபாய்க்கு ஒரு கள்ளுக் கணக்கு

கும்பகோணத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் 80 ரூபாய்க்கு வாங்கினேன். ஆமோஸ் டுட்டுவோலா எழுதிய 'தி பாம்-வைன் டிரிங்கார்ட்' என்கிற இங்கிலீஷ் நாவல். ஆள் நைஜீரியா, யொரூபா இனத்துக்காரர். 1952இல் லண்டனில் ஃபேபர் வெளியிட்டது. ஆறே வருஷம் பள்ளிக்கூடம் போனவரின் இங்கிலீஷைப் பார்த்து அவர் நாட்டுப் படித்தவர்களே முகம் சுளித்தார்களாம். எனக்கு அந்த இங்கிலீஷ்தான் வசதி. அகராதியைத் தொடவே இல்லை.

பத்து வயசிலிருந்து கள் குடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத ஒருவன். அப்பா 5,60,000 மரங்களும் கள் இறக்க ஓர் ஆளும் கொடுக்கிறார். காலையில் 150 குடம், சாயங்காலம் 75. அந்த ஆள் மரத்திலிருந்து விழுந்து செத்ததும், அவரைத் தேடிக்கொண்டு இவன் செத்தவர்கள் ஊருக்கே கிளம்பிவிடுகிறான்.

நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதியே காலம் போனவன் நான். டுட்டுவோலா பேய்க்கதையிலும் கணக்கை விடவில்லை. வழியில் ஒரு மரத்துக்குள் நுழையும்முன் அவனும் பெண்டாட்டியும் தங்கள் சாவை வெள்ளைக்காரன் காசில் 70 பவுன் 18 ஷில்லிங் 6 பென்சுக்கு விற்கிறார்கள். பயத்தை மாதம் மூன்றரை பவுன் வட்டிக்கு விடுகிறார்கள். வெளியே வரும்போது பயம் கடைசி வட்டியோடு கைக்கு வந்துவிடுகிறது. சாவை வாங்கியவனோ, காசு கொடுத்து வாங்கியதைத் தர மாட்டேன் என்கிறான். அதாவது பயம் போக்கியம், சாவு கிரயம். அப்புறம் அவர்களுக்குச் சாவு கிடையாது, பயம் மட்டும் உண்டு. எங்கள் தெருவில் நிலத்தை விட்டவர்கள் முகமெல்லாம் வந்து போயின.

சந்தையில் ஓர் அழகனைப் பார்த்து மயங்கி ஒருத்தி பின்னாலேயே போகிறாள். அவன் வாடகைக்கு எடுத்த காலை ஒரு வீட்டில், கையை ஒரு வீட்டில் என்று வாடகையோடு திருப்பிக் கொடுத்துக்கொண்டே போகிறான், கல்யாணம் முடிந்து வாடகைப் பாத்திரம் திருப்புகிற மாதிரி. மிஞ்சுவது மண்டை ஓடு. நடக்காததை நிஜம்போலவே சொல்கிற இதற்கு மாய யதார்த்தம் என்று பெயர் சொல்கிறார்கள். எங்கள் அப்பாயி முனி கதை சொன்னாலும் எந்த மடைக்கிட்ட நின்றது, என்ன கேட்டது என்று சொல்லாமல் விடாது.

நடுவில் கொஞ்சம் இழுவை. பூதம் போனால் இன்னொரு பூதம். பெண்டாட்டிக்குக் கடைசிவரை பெயரே இல்லை.

வாங்கினால் கடைசித் தாள்களைப் பிரித்துப் பாருங்கள். எனக்கு நனைந்து ஒட்டிய பிரதியைத் தலையில் கட்டிவிட்டார்கள். இட்லிப் பானை ஆவியில் காட்டித்தான் பிரித்தேன். வானமும் பூமியும் ஓர் எலிக்குச் சண்டை போட்டு மழை நின்றுபோகிற கதை அந்தத் தாள்களில்தான் இருந்தது.