கோத்தகிரி பக்கம் இணையம்: ஃபைபரா, ஏர்ஃபைபரா?

எங்கள் ஊர் கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டச் சரிவில் இருக்கிறது. இங்கே வீட்டுக்கு இணையம் எடுக்க இரண்டு வழிதான்: கம்பத்தில் வரும் ஃபைபர், அல்லது மொட்டை மாடியில் பெட்டி பொருத்தி 5ஜி டவரிலிருந்து எடுக்கும் ஏர்ஃபைபர்.

ஃபைபர் கண்ணாடி இழை, ஒளியில் ஓடுவது. பழைய செம்புக் கம்பி மாதிரி இடி மின்னலை வீட்டுக்குள் இழுத்து வராது. தூரம் கூடினாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது. ஆபத்து மரத்தில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கற்பூர மரம் சாய்ந்தால் கேபிளும் அறுந்துவிடும். போன வருடம் எங்களுக்கு அறுந்து, ஆள் வந்து ஒட்டவே ஒன்பது நாள் ஆனது. மகள் ஆன்லைன் வகுப்புக்காகப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அதனால் பணம் கட்டும் முன், இழை ஒட்டும் ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். விலையைவிட அது முக்கியம்.

ஏர்ஃபைபருக்குக் கேபிள் தொல்லை இல்லை. ஆனால் டவருக்கும் வீட்டுக்கும் நடுவே மேடோ அடர்ந்த சில்வர் ஓக்கோ நின்றால் சிக்னல் தேயும். ஒரே தெருவில் மேல் வீட்டுக்குக் கிடைப்பது கீழ் வீட்டுக்குக் கிடைக்காது. சாயங்காலம் எல்லோரும் ஒரே டவரை இழுக்கும்போது வேகமும் இறங்கும்.

மாதக் கட்டணத்தோடு 18% ஜிஎஸ்டி இரண்டுக்கும் உண்டு. கரண்ட் போனால் இரண்டும் நிற்கும், சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள்.

வீடு வரை இழை வந்து, ஒட்டும் ஆளும் பக்கத்தில் இருந்தால் நான் ஃபைபரைத்தான் சொல்வேன். டவர் நேரே கண்ணில் படும் மேட்டு வீடு என்றால், சரி, ஏர்ஃபைபர் எடுக்கலாம்.