மத்திய அரசு ஆய்வகம் வேலை செய்ய எப்படிப்பட்ட இடம்? ஒரு விமர்சனம்

கருவிகளுக்கும் ஆய்வுச் சுதந்திரத்துக்கும் தாராளமாக மதிப்பெண் போடலாம். கொள்முதல் பாஸ் மார்க்கைத் தொடாது. சம்பளத்துக்கு எவ்வளவு போடுவது என்பது, நீங்கள் எந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அந்த நாற்காலி விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். ஒரே கட்டடம், ஒரே ஃபியூம் ஹுட், ஒரே கேன்டீன் என்றாலும் உள்ளே நடப்பது மூன்று வெவ்வேறு வேலைகள். நிரந்தர விஞ்ஞானி ஒரு வகை. ஜே.ஆர்.எஃப் (இளநிலை), எஸ்.ஆர்.எஃப் (முதுநிலை) என்று ஆய்வு உதவித்தொகையில் முனைவர் பட்டம் செய்பவர் இன்னொரு வகை. திட்டப்பணியில் ஒப்பந்தத்தில் இருக்கும் புராஜெக்ட் அசோசியேட் மூன்றாவது வகை. “அங்கே வேலை எப்படி?” என்று விசாரிக்கும்போது, பதில் சொல்பவர் இந்த மூன்றில் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரந்தர வேலைக்குக் குறை சொல்வது கடினம். சி.எஸ்.ஐ.ஆர் (அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வகங்களில் விஞ்ஞானி பணி ஏழாவது ஊதியக் குழுவின் லெவல் 11-ல் தொடங்குகிறது. அடிப்படைச் சம்பளம் 67,700 ரூபாய். பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டி.ஆர்.டி.ஓ-வின் ‘சயின்டிஸ்ட் பி’யும் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் ‘சயின்டிஃபிக் ஆபீஸர் சி’யும் லெவல் 10, 56,100 ரூபாய். பதவி உயர்வுக்கு மேலே ஒரு இடம் காலியாக வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் மதிப்பீட்டுக் குழு முன் அமர்ந்து, தேறினால் உயர்வு. மற்ற அரசு அலுவலகங்களில் கிடைக்காத வசதி இது. 2004-க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியர் பங்கு 10 சதவீதம், அரசின் பங்கு 14 சதவீதம்.

ஆய்வு மாணவர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப் 42,000 ரூபாய். இதனுடன் வீட்டு வாடகைப்படி உண்டு. அது ஊரின் வகையைப் பொறுத்தது. சென்னை அதிகப் படி கிடைக்கும் ‘எக்ஸ்’ வகை, காரைக்குடி குறைவாகக் கிடைக்கும் ‘இசட்’. அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ-யில் சேர்பவருக்கும் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான செக்ரியில் சேர்பவருக்கும் கையில் வரும் தொகை வேறுபடுவது இதனால்தான். ஆனால் அடையாற்று வாடகையோடு ஒப்பிட்டால் காரைக்குடிக்காரர்தான் லாபத்தில் இருப்பார். செக்ரிக்காக அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-ல் திறக்கப்பட்டது. அப்படி இடம் விட்டுக் கட்டிய வளாகங்களில் குடியிருப்பும் விடுதியும் உள்ளேயே இருக்கும். குவார்ட்டர்ஸ் எடுத்தால் வாடகைப்படி நின்றுவிடும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

உதவித்தொகை ஒன்றாம் தேதி வந்து நிற்கும் என்று நம்பி இ.எம்.ஐ எடுக்க வேண்டாம். நிதி விடுவிப்பு தாமதமானால் இரண்டு மூன்று மாதத் தொகை சேர்ந்தாற்போல் ஒரே நாளில் வரும். மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொண்டு சேர்வது நல்லது. சேர்ந்த தேதியின் ஜாயினிங் ரிப்போர்ட்டில் ஒரு சிறு பிழை இருந்தாலும் முதல் தவணை அங்கேயே நின்றுவிடும். பெயரின் இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரியும் வங்கிக் கணக்கில் வேறு மாதிரியும் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

திட்டப்பணியாளர் நிலைதான் பலவீனமானது. ஆய்வு மேசையில் நடக்கும் வேலையில் கணிசமான பங்கு இவர்களுடையது. ஒப்பந்தமோ ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. பணி நிரந்தரம் கோர முடியாது என்று சேரும்போதே எழுதி வாங்கிவிடுவார்கள். முனைவர் பட்டத்துக்கு முன் ஓரிரு ஆண்டு கருவி பழகுவதற்கு இது நல்ல வழி. அதற்கு மேல் நீட்டிப்பது சரியாகத் தோன்றவில்லை.

இனி கொள்முதல். ஆய்வு எந்த வேகத்தில் நகரும் என்பதை உங்கள் மூளையைவிட அதிகமாகத் தீர்மானிப்பது இதுதான்.

எல்லாம் 2017-ம் ஆண்டின் பொது நிதி விதிகள், அதாவது ஜி.எஃப்.ஆர்-படி நடக்கும். 2025 ஜூனில் அறிவியல் நிறுவனங்களுக்கு வரம்புகள் தளர்த்தப்பட்டன. கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. கொள்முதல் குழு வழியாக வாங்கும் மேல்வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமானது. அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்துக்கு வெளியே ஆய்வுக் கருவி வாங்க இயக்குநரே அனுமதிக்கலாம் என்பதும் அப்போது வந்ததுதான். அதற்கு முன்பு ஒரு சாதாரண பம்புக்கே, ஜெம்மில் கிடைக்கவில்லை என்ற அறிக்கையை எடுத்து இணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விதி தளர்ந்தாலும் பழக்கம் தளர நாளாகும். பழைய வரம்பை வைத்துக் கோப்பு திரும்பினால், புதிய ஆணையின் நகலை இன்டென்டோடு (கொள்முதல் கோரிக்கைப் படிவம்) இணைத்து மறுபடி அனுப்புங்கள். வாதாடுவதைவிட அது வேகமான வழி.

பெரிய கருவிக்கான பாதை இப்படி இருக்கும்: இன்டென்ட், தொழில்நுட்ப விவரக்குறிப்பு, அதைச் சரிபார்க்கும் குழு, நிதிப்பிரிவின் ஒப்புதல், டெண்டர், தொழில்நுட்ப உறை திறப்பு, விலை உறை திறப்பு, ஆர்டர், சுங்கம், நிறுவுதல். கோப்பு ஒரே சீராக ஓடினாலும் ஒரு வருடம் ஆவது சகஜம். எங்கே சறுக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான். விவரக்குறிப்பை ஒரே நிறுவனத்தின் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதினால் போட்டி நிறுவனம் ஆட்சேபம் எழுப்பும், டெண்டர் ரத்தாகும், நாலைந்து மாதம் போச்சு. பயந்துகொண்டு மிகத் தளர்வாக எழுதினாலோ, குறைந்த விலை கேட்ட எல்-1 நிறுவனம் எதற்கும் உதவாத ஒன்றைக் கொண்டுவந்து இறக்கிவிடும். விதிப்படி அதை மறுக்கவும் முடியாது. சரியான வழி, கருவியை வர்ணிக்காமல் அளவீட்டை வர்ணிப்பது. மின்வேதியியல் சோதனைக்கான ஒரு பொட்டென்ஷியோஸ்டாட் வேண்டுமென்றால் எத்தனை சேனல், எந்த மின்னோட்ட வரம்பு, மின்மறுப்பு அளவீட்டுக்கு எந்த அதிர்வெண் முதல் எதுவரை, அது எந்தச் சோதனைக்கு என்று ஒரு வரிக் காரணத்தோடு எழுதுங்கள். அந்தக் காரணம் ஆட்சேபத்தையும் தணிக்கையையும் ஒருங்கே சமாளிக்கும்.

ஆர்டரில் கட்டாயம் இடம்பெற வேண்டிய இரண்டு வரிகள் உண்டு. ஒன்று, உத்தரவாதக் காலம் பொருள் வந்த நாளிலிருந்து அல்ல, நிறுவி ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து தொடங்கும் என்பது. அறை தயாராகவில்லை, த்ரீ ஃபேஸ் இணைப்பு வரவில்லை, சில்லர் இல்லை என்று பெட்டி பிரிக்காமலே உத்தரவாதம் தீர்ந்துபோகும் கருவிகள் இருக்கின்றன. இரண்டாவது, உத்தரவாதம் முடிந்தபின் ஐந்து ஆண்டுகளுக்கான பராமரிப்பு ஒப்பந்தத்தின் விலையை டெண்டரிலேயே கேட்டு வாங்குவது. பிறகு கேட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை.

பட்ஜெட் போடும்போது ஜி.எஸ்.டி-யை மறந்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீதச் சலுகை 2022 ஜூலை 18-உடன் போய்விட்டது. இப்போது பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதம். திட்டத்தில் 40 லட்சம் என்று எழுதினால் வரி போக நீங்கள் வாங்கக்கூடியது சுமார் 34 லட்சத்துக்கான கருவிதான்.

என்சைம், ஆன்டிபாடி போன்ற குளிரில் வர வேண்டியவற்றுக்குத் தனி எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை மாலை ஸ்டோர்ஸ் வாசலில் இறங்கினால் திங்கள்வரை யாரும் தொடமாட்டார்கள். வாரத்தின் முதல் பாதியில் வந்து சேரும்படி அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டோர்ஸில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஸ்டோர்ஸ், ஒர்க்‌ஷாப், கண்ணாடி ஊதுபவர் ஆகிய மூவரும் தெரிந்தவர்களாக இருந்தால் ஆராய்ச்சி ஓடும். (கண்ணாடி ஊதுபவர் ஓய்வு பெற்றபின் அந்த இடம் நிரப்பப்படாத ஆய்வகங்கள் பல. உங்கள் இடத்தில் இன்னும் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம்.)

மார்ச் மாதம் தனி உலகம். 31-ம் தேதிக்குள் செலவாகாத பணத்துக்குக் கணக்குச் சொல்லித் திருப்ப வேண்டும், ஜி.எஃப்.ஆர் 12-ஏ படிவத்தில், பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட் கொடுத்தால்தான் அடுத்த தவணை வரும். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் பில்கள் குவியும். ஏப்ரல், மே காய்ந்து கிடக்கும். கரைப்பான், வாயு சிலிண்டர், கையுறை மாதிரி தினசரித் தேவைகளை ஜூன்வரை தாங்கும் அளவுக்கு ஜனவரியிலேயே இன்டென்ட் போட்டுவிடுங்கள்.

கருவிகளுக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம் என்றேன். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. இருப்பது வேறு, ஓடுவது வேறு. மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறியும் என்.எம்.ஆர் கருவியின் மீக்கடத்தி காந்தம் 4.2 கெல்வினில் கொதிக்கும் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும். அதைச் சுற்றித் திரவ நைட்ரஜன். நைட்ரஜனை வாராவாரம்போல நிரப்ப வேண்டும், ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை. ஹீலியம் ஒப்பந்தக் கோப்பு எங்காவது நின்று, அளவு எல்லைக்குக் கீழே போனால் காந்தம் க்வெஞ்ச் ஆகும், அதாவது மீக்கடத்தும் தன்மையை இழந்துவிடும். மிச்ச ஹீலியமும் ஒரே மூச்சில் ஆவியாகிப் போகும். லித்தியம் பேட்டரி ஆய்வகத்தில் காற்று புகாமல் கையுறை வழியாக வேலை செய்யும் பெட்டியான குளவ் பாக்ஸுக்கும் இதே கதை. ஆக்சிஜனும் ஈரமும் 1 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே நிற்க வேண்டும். பொருள்களை உள்ளே அனுப்பும் சிற்றறையான ஆன்ட்டி-சேம்பரை மூன்று முறை வெற்றிடமாக்கி நிரப்பாமல் அவசரத்தில் திறப்பதும், காயாத டிஷ்யூ பேப்பரை உள்ளே கொண்டுபோவதும், சுழற்சியை நிறுத்தாமல் ஆவியாகும் கரைப்பானைத் திறப்பதும்தான் அதைக் கெடுக்கின்றன. ஆக்சிஜனை உறிஞ்சும் செப்பு வினையூக்கியை மீட்டெடுக்க ஹைட்ரஜன் கலந்த வாயு சிலிண்டர் வேண்டும். பி.பி.எம் ஏறியபின் அதற்கு இன்டென்ட் போட்டால் பெட்டி வாரக்கணக்கில் சும்மா நிற்கும்.

சொந்த ஆய்வகத்தில் கருவி படுத்துவிட்டால் 2020-ல் தொடங்கப்பட்ட ஐ-ஸ்டெம் இணையதளத்தில் வேறு நிறுவனங்களின் கருவிகளுக்கு நேரம் பதிவு செய்யலாம். இந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

அலுவலக நடைமுறை பற்றிச் சுருக்கமாக: ஐந்து நாள் வாரம், ஊழியர்களுக்குப் பயோமெட்ரிக். மாணவர்கள் இரவில் தங்க அனுமதிப் பதிவேட்டில் எழுத வேண்டும். வெளிநாட்டு மாநாட்டுக்கு முன் அனுமதி தேவை; அழைப்புக் கடிதம் வந்த அன்றே கோப்பைத் தொடங்குங்கள். கட்டுரையை அனுப்புமுன் உள் ஒப்புதல் வாங்க வேண்டும். காப்புரிமைக்கு வாய்ப்புள்ள விஷயத்தை முதலில் விண்ணப்பித்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும். போஸ்டரில் காட்டினாலும் புதுமை போய்விடும். கல்பாக்கத்திலும் ஆவடி போன்ற டி.ஆர்.டி.ஓ வளாகங்களிலும் கட்டுப்பாடு இதைவிட அதிகம். செல்போன் வாசலோடு நிற்கும். கதிர்வீச்சுப் பகுதியில் உடலில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி பேட்ஜ் இல்லாமல் நுழைய முடியாது. அந்தக் கதிர்வீச்சு அளவுக்கு ஆண்டுக்கு 30 மில்லிசீவர்ட்டும் ஐந்தாண்டுக்கு 100-ம் உச்சவரம்பு.

சேருமுன் கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது கொஞ்சம் சங்கடமானது: வழிகாட்டி எப்போது ஓய்வு பெறுகிறார்? ஓய்வு வயது 60. முனைவர் பட்டம் ஐந்து ஆண்டு இழுக்கும். அவருக்கு மூன்று ஆண்டுதான் மிச்சம் என்றால் பதிவு செய்யும்போதே இணை வழிகாட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, உங்கள் தலைப்புக்குத் தேவையான முக்கியக் கருவியின் பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா? இதை வழிகாட்டியைவிடக் கருவியை இயக்குபவரிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். மூன்றாவது, பட்டம் யார் தருவது? சி.எஸ்.ஐ.ஆர் ஆய்வகங்களில் பெரும்பாலும் அவற்றின் சொந்தப் பட்டம் வழங்கும் அகாடமியான ஏ.சி.எஸ்.ஐ.ஆர், கல்பாக்கத்தில் ஹோமி பாபா தேசிய நிறுவனம். இரண்டிலும் கோர்ஸ் ஒர்க் உண்டு. ஏ.சி.எஸ்.ஐ.ஆரில் கிராமப்புறம் சார்ந்த ஒரு சமூகத் திட்டமும் செய்ய வேண்டும். அதைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளினால் ஆய்வேடு எழுதும் நேரத்தில் வந்து நிற்கும்.

வெளியேறுவதற்கும் நடைமுறை உண்டு. நோ ட்யூஸ் படிவத்தில் நூலகம், ஸ்டோர்ஸ், விடுதி, கணினிப் பிரிவு என்று வரிசையாகக் கையெழுத்து வாங்க வேண்டும். உங்கள் பெயரில் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிய ஹாட் பிளேட் எரிந்து குப்பைக்குப் போயிருந்தாலும் கணக்கில் அது உங்களிடம்தான் இருக்கும். கெட்டுப்போன பொருளைக் கண்டம் செய்யும் (பயனற்றதென்று கணக்கிலிருந்து கழிக்கும்) பட்டியலில் அவ்வப்போது சேர்த்துவிடுங்கள். பழுதுபார்க்க வெளியே அனுப்பும் எதற்கும் ரிட்டர்னபிள் கேட் பாஸ் நகலை வைத்திருங்கள். நிறுவன மின்னஞ்சல் வெளியேறியபின் நின்றுவிடும் என்பதால், அச்சில் இருக்கும் கட்டுரைகளுக்கான தொடர்பு முகவரியை அதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.