ரமணாசிரமமா, விபாசனாவா, நெய்யாறா?

ஆசிரமத்தில் கொஞ்ச நாள் தங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது அறை எப்படி, சாப்பாடு எப்படி, எவ்வளவு ஆகும் என்றுதான். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு: அங்கே உங்கள் பொழுது யார் கையில் இருக்கும்? திருவண்ணாமலை ரமணாசிரமம், சென்னை திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது விபாசனா மையம், திருவனந்தபுரம் பக்கம் நெய்யாறு அணை சிவானந்த ஆசிரமம் ஆகிய மூன்றும் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று ரொம்பத் தூரம்.

ரமணாசிரமத்தில் உங்களை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். 1896-இல் பதினாறு வயதில் அண்ணாமலைக்கு வந்தவர் ரமணர். 1922-இல் அவருடைய தாயார் அழகம்மாள் மறைந்து, அந்தச் சமாதியைச் சுற்றித்தான் ஆசிரமமே வளர்ந்தது. காலையிலும் மாலையிலும் வேத பாராயணம், அந்தி சாயும் நேரத்தில் தமிழ்ப் பாராயணம். உட்காரலாம், உட்காராமலும் போகலாம். பழைய ஹாலில் ஒருவர் மணிக்கணக்கில் கண்மூடி இருப்பார். வெளியே ரமணர் சமாதியைச் சுற்றிச் சிலர் வலம் வந்துகொண்டே இருப்பார்கள். பதினொன்றரை மணிக்குச் சாப்பாட்டு மணி. தரையில் வரிசையாக உட்கார்ந்தால் இலையில் சோறு, சாம்பார், ரசம், மோர் என்று பரிமாறிக்கொண்டே போவார்கள். கைகழுவிவிட்டு வந்தால் சாயங்காலம் வரைக்கும் பொழுது முழுக்க உங்களுடையது.

சிக்கலே இங்குதான். "முதல் தடவையா? ரமணாசிரமம் போங்க, கெடுபிடி கிடையாது" என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வீட்டில் ஏற்கெனவே தினமும் தியானத்தில் உட்கார்ந்து பழகியவருக்கு, அல்லது ரமணர் மேல் உண்மையான பிடிப்பு உள்ளவருக்கு, அந்தச் சுதந்திரம் பெரிய வரம். மற்றவர்கள் மத்தியானம் மூன்று மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்துவிடுகிறார்கள். அப்படித் தோன்றினால் ஆசிரமத்தின் பின்பக்கப் பாதையில் ஸ்கந்தாசிரமம் வரை ஏறுங்கள், அங்கிருந்து விருபாட்ச குகைக்கு இறங்குங்கள். ரமணர் வருஷக்கணக்கில் வாழ்ந்த இடங்கள் இரண்டும்.

தம்ம சேது இதற்கு நேர்மாறு. அது ஆசிரமம் அல்ல, விபாசனா தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா வழியில் நடக்கும் பயிற்சி மையம். பத்து நாள் பயிற்சி. விடிகாலை நாலு மணிக்கு மணி அடித்துவிடும். ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் தியானம். பேச்சு, போன், புத்தகம், பேனா எதுவும் கூடாது. பதினோரு மணிக்கு மதியச் சாப்பாடு. அதற்குப் பிறகு புதியவர்களுக்கு மாலை ஐந்து மணிக்குப் பழமும் டீயும் மட்டும். முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது, நான்காம் நாள் விபாசனா, அதாவது உடம்பில் எழும் உணர்வுகளை அப்படியே கவனிப்பது, தொடக்கம். அதன் பிறகு தினம் மூன்று முறை, ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்வார்கள். முட்டி விண்ணென்று தெறிக்கும். காலை மாற்றாமல் அந்த வலியையே கவனிப்பதுதான் பயிற்சி. ஓய்வு தேடிப் போகிற இடம் அல்ல இது. மனநலச் சிகிச்சையில் இருந்தாலோ, மருந்து எடுத்துக்கொண்டாலோ விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள், மருத்துவரையும் கேளுங்கள். தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதியில் கிளம்பி வர நேரலாம் என்ற நிலைமை வீட்டில் இருந்தால் விண்ணப்பத்தையே தள்ளிப்போடுவது நல்லது.

நெய்யாறு ஆசிரமத்தை 1978-இல் தொடங்கியவர் சிவானந்தரின் சீடர் சுவாமி விஷ்ணுதேவானந்தா. காலை சத்சங்கம், ஆசன வகுப்பு, பத்து மணிக்குச் சாப்பாடு, சேவை, சொற்பொழிவு, மறுபடி ஆசனம், ஆறு மணிக்குச் சாப்பாடு, இரவு சத்சங்கம். எல்லாவற்றுக்கும் வந்தே ஆகவேண்டும். ஆனால் பேசலாம், சிரிக்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து கூட்டிப் பெருக்கலாம். வெங்காயம், பூண்டு, காபி கிடையாது. வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும் என்பது சிலருக்கு இடைஞ்சல்.

செலவு என்று பார்த்தால் நெய்யாற்றில் மட்டும்தான் கட்டணம். கூடாரமா, பொது அறையா, தனி அறையா என்பதைப் பொறுத்து மாறும். ரமணாசிரமத்தில் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். தம்ம சேதுவில் ஒரு பயிற்சியை முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். நீங்கள் தங்குவது முன்னால் வந்துபோன யாரோ கொடுத்த பணத்தில். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

அப்படியிருந்தும், வேலையில் களைத்து, தூக்கம் கெட்டு, முதன்முதலாகக் கிளம்புகிறவருக்கு நெய்யாற்றைத்தான் சொல்வேன். அங்கே அடுத்து என்ன என்று யோசிக்கும் பாரத்தை மணியே பார்த்துக்கொள்ளும், உடம்பும் வளையும். வீட்டில் தினமும் உட்காரும் வழக்கம் வந்த பிறகு திருவண்ணாமலைக்குப் போங்கள். அறைக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பௌர்ணமியையும் கார்த்திகை தீபத்தையும் ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், கிரிவலக் கூட்டத்தில் ஊரே நிரம்பி வழியும்.